வெடிக்காத மூளை அனியூரிசத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதன் பிறகு எப்படி இருக்கிறார்கள்?

உங்கள் அம்மாவுக்கு 61 வயது என்றும், தலைச்சுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 7 மி.மீ. அனியூரிசம், அதாவது மூளைத் தமனியின் சுவரில் பலூன்போன்ற புடைப்பு, தற்செயலாகத் தெரிந்தது என்றும், மருத்துவர் ‘செய்துகொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்’ என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் படித்த பிறகு என்னால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம் அதையேதான் எங்களிடமும் சொன்னார்கள்.

நான் மருத்துவன் அல்லன். மொரிஷியசில் தமிழாசிரியனாக 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வைத்துக்கொண்டு பொதுவாகப் பேசலாமா என்று யாரேனும் கேட்பார்கள், கேட்கட்டும். தாதியாகப் பணிபுரியும் என் மகள் உதவியால் ஆய்வுக் கட்டுரைகளையும் வரி வரியாகப் படித்திருக்கிறேன். யாரையும் பயமுறுத்துவதற்காகவோ அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று தடுப்பதற்காகவோ இதை எழுதவில்லை. மறுபடியும் அந்த நாளுக்குத் திரும்பினால் நாங்கள் இதே முடிவைத்தான் எடுப்போம்.

என் மனைவிக்கு அப்போது 57 வயது. மூளையின் இடப்பக்கத்து நடுத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் 8 மி.மீ. அளவில் புடைப்பு இருந்தது. அவளுடைய தாயார் மூளையில் இரத்தம் கசிந்துதான் இறந்தார். இரத்த அழுத்தமும் அவளுக்கு உண்டு. வெடித்தால் என்ன ஆகும் என்பதை எவரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வெடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார், பிழைத்தவர்களிலும் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

ஆனால் வெடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. 2003இல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, இதற்கு முன் இரத்தக்கசிவு ஏற்படாதவர்களுக்கு, மூளையின் முன்பகுதித் தமனிகளில் 7 முதல் 12 மி.மீ. வரை உள்ள அனியூரிசம் ஐந்து ஆண்டுகளில் வெடிக்கும் வாய்ப்பு 2.6 சதவீதம். அதே அளவு அனியூரிசம் பின்பகுதித் தமனிகளிலோ பின் இணைப்புத் தமனியிலோ இருந்தால் 14.5 சதவீதம். ஜப்பானில் 5,720 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா அளவுகளையும் சேர்த்து ஆண்டுக்கு 0.95 சதவீதம். நீங்கள் 7 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்களே தவிர எந்தத் தமனி என்று எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அளவைவிட இடம் சில வேளைகளில் அதிகம் சொல்லும்.

இப்போது அறுவைச் சிகிச்சையின் விளைவுக்கு வருகிறேன். மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் டைட்டேனியம் கிளிப் மாட்டுவது ஒரு முறை. தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவது மற்றொரு முறை. 2019இல் 1,06,433 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், முதல் 30 நாட்களில் சிக்கல் ஏற்பட்டவர்கள் திறந்த அறுவையில் 8.34 சதவீதம், குழாய்வழிச் சிகிச்சையில் 4.96 சதவீதம், இறந்தவர்கள் முறையே 0.10, 0.30 சதவீதம். நான் மேலே சொன்ன 2003 ஆய்விலோ, முன்பு இரத்தக்கசிவு இல்லாதவர்களில் திறந்த அறுவைக்குப் பின் ஓராண்டு முடிவில் இறந்தோரும் குறைபாட்டோடு இருந்தோரும் சேர்ந்து 12.6 சதவீதம். ஒரே அறுவைக்கு ஏன் இத்தனை வேறுபாடு என்று நான் பல இரவுகள் குழம்பியிருக்கிறேன். காலமும் கருவிகளும் மாறியது ஒரு காரணம். மற்றொரு காரணம், எதைக் குறைபாடு என்று கணக்கில் சேர்த்தார்கள் என்பது. 2003 ஆய்வில் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் மங்கியதையும் சேர்த்துக்கொண்டார்கள். பல ஆய்வுகள் அப்படிச் சேர்ப்பதில்லை.

பெரும்பாலான கட்டுரைகள், நோயாளி அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு இயங்க முடிகிறது என்பதை அளக்கும் ராங்கின் அளவுகோல் என்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றன. சுழியம் என்றால் எந்தக் குறையும் இல்லை, ஆறு என்றால் மரணம். சுழியம் முதல் இரண்டு வரை இருந்தால் பல இடங்களில் ‘நல்ல விளைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு என்பதன் பொருள் என்ன தெரியுமா? முன்பு செய்த எல்லா வேலைகளையும் செய்ய முடியாது, ஆனால் பிறர் உதவியின்றித் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியும். அறுவைக்கு முன்பு இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆகஸ்ட் மாதம் அறுவை நடந்தது. புடைப்பின் கழுத்து அகன்றிருந்ததாலும், ஒரு கிளைத் தமனி புடைப்பிலிருந்தே பிரிந்ததாலும், சுருள் நிரப்புவதைவிடக் கிளிப்தான் சரி என்றார்கள். அது நியாயமான காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன். என் மனக்குறை வேறு. இங்கிருந்து நான் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் கட்டணத் தொகுப்பைப் பற்றிப் பேசுவதற்குத்தான் ஆள் கிடைத்தாரே தவிர, கத்தியைப் பிடிக்கப் போகிறவரை முந்தைய நாள் மாலையில்தான் பார்க்க முடிந்தது, அதுவும் பத்து நிமிடம். இப்படிப்பட்ட அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பேச்சில் பாதிப்பு வந்தது என்று கேட்க நினைத்து வைத்திருந்த கேள்விகள் என் சட்டைப் பையிலேயே இருந்தன. கடல் தாண்டி வந்து, பணமும் கட்டிய பிறகு, முந்தைய நாள் மாலையில் எந்த மனிதன் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்வான்?

அறுவை வெற்றி. கிளிப் சரியாக உட்கார்ந்தது, புடைப்புக்குள் இரத்தம் போவது நின்றது. ஆனால் அருகிலிருந்த ஒரு சிறு கிளையில் இரத்த ஓட்டம் குறைந்து, மூளையின் இடப்பக்கத்தில் கட்டைவிரல் நுனியளவு இடம் பாதிக்கப்பட்டது. இரண்டாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி ஒரு கரண்டியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். என் மனைவி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள், வாய்க்கு அருகில் கொண்டுபோய்க் காட்டினாள், “அது… அது” என்றாள், பெயர் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று தாதி சைகை செய்தார். அன்று மாலை, கண்ணை மூடியபடி, கோவிலில் தான் வழக்கமாகப் பாடும் பதிகத்தின் முதல் பாட்டை ஒரு சொல் பிசகாமல் முணுமுணுத்தாள். பாட்டு வேறு வழியாகவும் வரும் என்றும், மூளையில் பேச்சுக்கான இடம் பாதிக்கப்பட்ட பலர் பேச முடியாதபோதும் பாடுவார்கள் என்றும் பேச்சுப் பயிற்சியாளர் பின்னர் விளக்கினார்.

வீடு திரும்பும்போது கொடுத்த மருத்துவ அறிக்கையில் ‘நல்ல விளைவு’ என்றுதான் இருந்தது. அந்த அளவுகோலின்படி அது பொய்யும் அல்ல.

அடுத்த மாதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்களில் இவை வருவதே இல்லை. மெல்லும் தசையை வெட்டித்தான் மண்டையோட்டைத் திறக்கிறார்கள். அதனால் ஆறு வாரங்களுக்கு அவளுடைய பற்களுக்கு இடையே ஒரு விரல்தான் நுழைந்தது. தால் பூரியைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தோம். காதுக்கு முன்புறத் தோல் மரத்துப் போயிற்று, நெற்றிப் பொட்டில் ஒரு குழி விழுந்தது, அது இன்றும் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குமேல் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் தாங்க மாட்டாள். பெயர்ச்சொற்கள் ஏறக்குறைய எட்டு மாதங்களில் திரும்பி வந்தன. முதலில் கிரியோல் சொற்கள், பிறகு தமிழ். தைப்பூசக் காவடிக்கு இங்குள்ள கோர் தெ கார்த் மலையடிவாரக் கோவிலுக்குப் போனோம், அவள் பாடினாள். ஆனால் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு ஐம்பது பேருக்கு இலை போட்டு, யாருக்கு எது குறைகிறது என்று ஒரே பார்வையில் கண்டுபிடிப்பவள், அன்று ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பொறுப்பை அவள் அதன் பிறகு ஏற்கவில்லை.

ஆகவே, எப்படி இருக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலானோர் நன்றாக இருக்கிறார்கள், நினைவாற்றலும் பலருக்குச் சில மாதங்களில் பழைய நிலைக்கு வருகிறது, ஒரு சிலருக்கு எங்களைப் போல நேர்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், பெரிய புடைப்பு உள்ளவர்களுக்கும், பின்பகுதித் தமனியில் உள்ளவர்களுக்கும் அறுவையின் ஆபத்து கூடுகிறது. உங்கள் அம்மா புகைப்பவராக இருந்தால் அதை நிறுத்துவதும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், இன்றே தொடங்க வேண்டியவை. காத்திருப்பது என்று முடிவு செய்தால், குறித்த இடைவெளியில் படம் எடுத்துப் பார்ப்பதும் சிகிச்சைதான். அதைக் கோழைத்தனம் என்று உறவினர்கள் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அறுவை என்று முடிவானால், அறுவை செய்பவரிடமே நேரில் கேளுங்கள்: ‘நல்ல விளைவு’ என்று நீங்கள் சொல்வதில் என் அம்மா கடைக்கணக்கைப் பார்ப்பதும், பேரப்பிள்ளையோடு இரண்டு மொழியில் பேசுவதும் அடங்குமா? கிளிப்பின் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். 2021இல் என் மனைவிக்கு முழங்காலில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, அந்தக் கிளிப் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு ஏற்றதா என்று தெரிவதற்காக, அந்த அட்டையைக் காட்டும்வரை இங்கே உள்ளே விடவில்லை, அது சரியும்கூட.

அறுவைக்கு முன்பே நினைவு, பேச்சு, கவனம் ஆகியவற்றைச் சோதித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. “முன்பு எப்படிப் பேசுவார்?” என்று பயிற்சியாளர் கேட்டபோது, அந்த ஆண்டின் காவடியன்று என் மகள் கைப்பேசியில் எடுத்த நான்கு நிமிடக் காணொளி ஒன்றைத்தான் எங்களால் காட்ட முடிந்தது.