கணினி அறமும் மாணவர்களும்: கேள்வி பதில்

மாணவர்களுக்குக் கணினி அறம் கற்பிப்பது, காப்பியடிப்பதைத் தவிர்ப்பது, இணையத்தில் பாதுகாப்பாக இருப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை): "சொந்த நடையில் எழுதுங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும், ஐந்தாறு சொற்களை மட்டும் மாற்றிக் கொண்டுவருகிறார்கள். ஏமாற்றுகிறார்களா, தெரியாமல் செய்கிறார்களா?

பதில்: பெரும்பாலோர் தெரியாமல்தான் செய்கிறார்கள், அம்மா. சொந்த நடை என்றால் சொல்லை மாற்றுவது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

மூலம்: "நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது, சூரிய ஒளியைப் பிரதிபலிப்பதால்தான் அது நமக்கு ஒளிர்வதாகத் தெரிகிறது."

மாணவர் எழுதியது: "சந்திரனுக்குச் சுய வெளிச்சம் இல்லை, சூரிய வெளிச்சத்தை எதிரொளிப்பதால்தான் அது நமக்குப் பிரகாசிப்பதாகத் தெரிகிறது."

பெரும்பாலான சொற்கள் மாறிவிட்டன. ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற ஆய்வாளர் 1990களில் இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' (ஒட்டுப்போட்ட எழுத்து) என்று தனிப் பெயரே வைத்தார். பாடத்தை முழுதாக உள்வாங்காத மாணவர் கடந்துபோகும் கட்டம் இது, இதற்குத் தண்டனையைவிடக் கற்பித்தலே தேவை என்பது அவர் வாதம். நானும் அந்தக் கட்சிதான்.

வகுப்பில் செய்ய வேண்டியது: பத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். பக்கத்து மாணவருக்கு வாயால் விளக்கட்டும். பிறகு எழுதட்டும். கடைசியில் புத்தகத்தைத் திறந்து, தகவல் சரியா என்று ஒப்பிட்டு, எங்கே படித்தது என்பதையும் குறிக்கட்டும். புத்தகத்தை மூடிய பின் எழுத வரவில்லை என்றால் பாடம் புரியவில்லை என்று பொருள். அந்த இடத்தில் நீங்கள் உதவலாம்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): ஒப்புமை காட்டும் மென்பொருள் ஒரு கட்டுரைக்கு 34 சதவீதம் என்கிறது. எத்தனை சதவீதத்துக்கு மேல் திருட்டு?

பதில்: அப்படி ஓர் எண் கிடையாது. டர்னிட்டின் போன்றவை வேறோர் இடத்தில் உள்ள சொற்றொடர்களோடு ஒத்துப்போவதைக் காட்டுகின்றன. அது திருட்டா என்று அவை தீர்ப்பளிப்பதில்லை. மேற்கோள் குறிக்குள் முறையாகத் தந்த வரிகள், நூற்பட்டியல், எல்லோருக்கும் பொதுவான வினாத்தாள் வாசகம் எல்லாம் அந்த 34இல் அடங்கியிருக்கலாம். வெறும் 5 சதவீதம் காட்டும் கட்டுரையில், அந்த 5 சதவீதம் பெயர் சொல்லாமல் எடுத்த ஒரு முழுப் பத்தியாகவும் இருக்கலாம். அறிக்கையைத் திறந்து, வண்ணமிட்ட ஒவ்வோர் இடத்தையும் படித்துப் பாருங்கள்.

கேள்வி (மற்றொரு விரிவுரையாளர்): 12 சதவீதம் என்றால் விட்டுவிடலாமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (பள்ளி மாணவி): என் செயல்திட்டத்தில் படங்களுக்குக் கீழே "நன்றி: கூகுள்" என்று போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது, மகளே. கூகுள் அந்தப் படம் இருக்கும் இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். எடுத்தவர் வேறொருவர். படத்தைச் சொடுக்கி அது இருக்கும் பக்கத்துக்குப் போ. எடுத்தவர் பெயர், படத்தின் தலைப்பு, எந்த உரிமத்தில் தந்திருக்கிறார் என்ற மூன்றையும் பார்த்து எழுது. 2002 முதல் புழக்கத்தில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் உனக்கு உதவும். பெயர் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். நீ இதைக் கேட்டதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கேள்வி (மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்): ஒரு மாணவனின் கட்டுரையை ஏஐ கண்டறியும் கருவியில் போட்டேன். 87 சதவீதம் ஏஐ என்றது. பூஜ்யம் போட்டுவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை, ஐயா. தயவுசெய்து அந்த மதிப்பெண்ணை நிறுத்திவையுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அந்த நிறுவனம் தந்த கணக்குப்படியே, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் குறைவு என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டார்கள்.

அதே ஆசிரியர்: அது பழைய கருவி. இப்போது மேம்பட்டிருக்கும். உங்கள் பேச்சைக் கேட்டால் நாளை வகுப்பே ஏஐயில் எழுதிக்கொண்டு வரும். கண்டும் காணாமல் விடச் சொல்கிறீர்களா?

பதில்: விடச் சொல்லவில்லை. ஆதாரம் வேண்டும் என்கிறேன். ஒப்புமை மென்பொருள் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது, நீங்களே சரிபார்க்கலாம். ஏஐ கண்டறியும் கருவி ஓர் எண்ணை மட்டும் தருகிறது. அதை எதனோடு ஒப்பிடுவீர்கள்? 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், ஒரே சீராக எழுதுவதுதான் காரணம். இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறி எழுதும் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறுக்கே எழுதிய கல்லூரி மாணவர்: ஐயா, என்மீதும் இப்படிக் குற்றம் சாட்டினார்கள். நானே எழுதினேன் என்பதை எப்படி நிரூபிப்பது?

பதில்: கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டுங்கள், எப்போது எதைச் சேர்த்தீர்கள், எதை நீக்கினீர்கள் என்பது அதில் இருக்கும். கைக்குறிப்புகளையும் வரைவுகளையும் எறிந்துவிடாதீர்கள். கட்டுரை பற்றி நேரில் கேள்வி கேட்கும்படி நீங்களே விண்ணப்பியுங்கள்.

அதே ஆசிரியர்: அறுபது பேருக்கும் வரைவு பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் சுமை எனக்குத் தெரியும், அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். எல்லோருக்கும் வேண்டாம். சந்தேகம் எழும் மாணவரை மட்டும் அழைத்துப் பேசுங்கள். ஏஐயை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று வேலை கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாத விதிக்குத் தண்டனை கொடுக்க முடியாது. உலகில் இல்லாத மேற்கோளையும் ஏஐ உருவாக்கித் தரும் என்பதையும் காட்டுங்கள். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். மாணவர்களிடம் சொல்ல ஏற்ற செய்தி அது.

கேள்வி (தாய்): சமூக ஊடகக் கணக்கு எந்த வயதில் தொடங்கலாம்?

பதில்: பெரும்பாலான தளங்கள் வைத்திருக்கும் 13 வயது வரம்பு, 1998இல் அமெரிக்கா இயற்றிய சிறுவர் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. அதைவிடச் சிறியவர்களின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டக் கூடாது என்பதே அதன் நோக்கம். 13 வயதில் பக்குவம் வந்துவிடும் என்று அது சொல்லவில்லை. உங்கள் பிள்ளையின் பக்குவத்தை நீங்கள்தான் அறிவீர்கள்.

கேள்வி: மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. நீளமான கடவுச்சொல், தளத்துக்குத் தளம் வேறு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கசிந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற மாணவி): இணையத்தில் பழகிய ஒருவன் என் தோழியின் அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் கேட்கிறான். வீட்டில் சொன்னால் கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அழுகிறாள்.

பதில்: முதலில் உன் தோழியிடம் சொல்: குற்றம் செய்தவன் அவன், அவள் இல்லை. பணம் தர வேண்டாம். தந்தால் மறுபடியும் கேட்பான். உரையாடலை அழிக்க வேண்டாம். அவன் கணக்குப் பெயர், மிரட்டிய செய்திகள், பணம் கேட்ட விவரம் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்துவைத்த பிறகே அவனைத் தடை செய்து, தளத்தில் புகார் செய்யட்டும். நம்பும் பெரியவர் ஒருவரிடம் இன்றே சொல்லட்டும். நீயும் கூடப் போ. அவர் துணையோடு காவல்துறையில் புகார் கொடுக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் அவள் கைபேசியை விட்டு வெளியே போகாது; அதன் எண்முறைக் கைரேகை, அதாவது படத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியீடு, மட்டும் போகும். சேவையில் இணைந்த தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

பெற்றோருக்கு: பிள்ளை வந்து சொல்லும்போது கைபேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்குவீர்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. மிரட்டுபவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

கேள்வி: 20 சதவீத ஒப்புமை அனுமதிக்கலாமா?

பதில்: சதவீதம் பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: படிப்புக்கு எந்த மடிக்கணினி வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. விவரம் தெரிந்த விற்பனையாளரைக் கேளுங்கள்.

ஏஐ சந்தேகத்தில் பூஜ்யம் போட்ட ஆசிரியர்: மதிப்பெண்ணை நிறுத்திவைத்தேன். நாளை பையனை அழைக்கிறேன். என்ன கேட்பது?

பதில்: நன்றி, ஐயா. குற்றச்சாட்டோடு தொடங்காதீர்கள். கட்டுரையை அவன் கையில் கொடுத்து, எந்தப் பத்தி எழுதக் கடினமாக இருந்தது என்று கேளுங்கள். எழுதிவிட்டு நீக்கியது ஏதாவது உண்டா, இந்தத் தகவலை எங்கே படித்தாய், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.