பின் இருக்கையில் பொழுது போக: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் செல்கிறோம். பின் இருக்கையில் 9 வயது மகள், 5 வயது மகன், இருவருக்கும் நடுவில் என் மாமியார். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் "ஊர் எப்போது வரும்?" என்ற கேள்வியும், அதைத் தொடர்ந்து சண்டையும் தொடங்கிவிடுகின்றன. முன் இருக்கைகளின் ஹெட்ரெஸ்ட்டில் ஆளுக்கொரு திரை பொருத்திவிடலாம் என்கிறார் என் கணவர். பொருத்தலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பொருத்தலாம். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தச் சாலையில், சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் போய்விடும். அவ்வளவு நேரத்தையும் படம் காட்டியே கடத்த முயன்றால், திரையை அணைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சண்டை மூளும். பிள்ளைகள் காரில் சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களைப் பார்க்கிறேன். வெளியே என்ன இருக்கிறது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பயணத்தில் அவர்களுக்கென்று ஒரு வேலையும் இருப்பதில்லை.

முதல் காரணத்தை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். கார் நிற்கும்போது உங்கள் மகனின் இடத்தில் உட்கார்ந்து, அவன் கண் இருக்கும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பாருங்கள். எதிரே முன் இருக்கையின் முதுகும் அதில் தைத்திருக்கும் பையும் தெரியும். பக்கத்தில் கதவின் உட்புறமும், கண்ணாடியின் மேற்பகுதியில் கொஞ்சம் வானமும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை, பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளாமல் வேறு என்ன செய்வான்? அவனுடைய உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை ஒன்றை வாங்கிவிட்டால், சீட் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் சரியாகப் படியும், ஜன்னலும் அவன் கண்ணுக்கு எட்டும். திரைகளுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

அடுத்தது வேலை. உங்கள் மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வழியில் வரும் ஊர்களைப் புறப்படுவதற்கு முந்தைய நாளே வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர், மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு. ஒவ்வொன்றும் கடந்தவுடன் அவள் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். பச்சைப் பலகையில் தென்படும் தொலைவைப் பார்த்து, அடுத்த ஊர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டுச் சொல்லட்டும். ஊர் எப்போது வரும் என்ற தம்பியின் கேள்விக்கு அப்போது அவளே பதில் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

பார்ப்பதற்கு அந்தச் சாலையில் பஞ்சமே இல்லை. மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம். திருச்சியில் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடக்கும்போது, 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயரமுள்ள திருவரங்கத்து ராஜகோபுரத்தை முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்று போட்டி வைக்கலாம். விராலிமலைப் பக்கம் மயில்கள் உண்டு. மேலூரைத் தாண்டி மதுரையை நெருங்கும்போது வரும் யானைமலையைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். படுத்திருக்கும் யானையின் தலை எது, முதுகு எது, துதிக்கை எது என்று அவர்களே சொல்ல வேண்டும். கயத்தாறு வரும்போது, கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட ஊர் இதுதான் என்று சொல்லி, சாலையின் இருபுறமும் சுழலும் காற்றாலைகளை எண்ணச் சொல்லுங்கள்.

இடைப்பட்ட வெற்றுச் சாலைக்கு வண்டி எண் விளையாட்டைவிடச் சிறந்த ஒன்றை நான் அறிந்ததில்லை. எண் பலகையில் TN என்பதற்கு அடுத்து வரும் எண் 32 என்றால் விழுப்புரம், 45 திருச்சி, 46 பெரம்பலூர், 67 விருதுநகர், 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி. மதுரைக்கு 58, 59, 64 என்று மூன்று எண்கள். எதிரே வரும் வண்டி எந்த ஊரைச் சேர்ந்தது என்பதை மகள் சொல்லலாம். எண் படிக்கத் திணறும் மகனுக்கு நிறங்கள் போதும்: சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகை, வாடகை வண்டிக்கு மஞ்சள், மின்சார வண்டிக்குப் பச்சை, தானே ஓட்டிச் செல்ல வாடகைக்கு எடுத்த வண்டிக்குக் கறுப்பு. அரசுப் பேருந்துகளின் எண்ணில் 'N' என்ற ஆங்கில எழுத்து இருப்பதைக் கவனிக்கச் சொல்லிவிட்டால், ஒரு பேருந்தைக்கூட விடாமல் பார்ப்பார்கள்.

மாமியாரை நடுவில் அமர்த்தியிருக்கிறீர்கள். அது சண்டையைத் தடுப்பதற்கு மட்டுமான ஏற்பாடாக நின்றுவிட வேண்டாம். "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்று அவர் விடுகதை போட, தேன்கூடு என்று விடை வருவதற்குள் நான்கைந்து கிலோமீட்டர் ஓடிவிடும். ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்கும் சொல் விளையாட்டும், பாட்டுக்குப் பாட்டும் மூன்று தலைமுறையினரும் சேர்ந்து ஆடக்கூடியவை. "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்" என்பதை வேகமாகச் சொல்லச் சொன்னால், பிள்ளைகளின் 'ழ'கரம் திருந்துவது கூடுதல் ஆதாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் மதுரையைத் தாண்டும்போது எல்லோரும் களைத்துப்போவீர்கள். திரையை அந்தக் கடைசி இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் வந்தால் படம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். இடையில் எவ்வளவு கெஞ்சினாலும் அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: என் மகன் காரில் கைபேசியில் விளையாடத் தொடங்கிய சிறிது நேரத்தில் வாந்தி எடுக்கிறான். சும்மா உட்கார்ந்திருந்தால் எடுப்பதில்லை. ஏன்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கார் வளைவதையும், வேகம் கூடிக் குறைவதையும் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. அதே நேரத்தில், கையிலுள்ள அசையாத திரையைப் பார்க்கும் கண், எதுவும் நகரவில்லை என்கிறது. இந்த இரண்டு செய்திகளும் முரண்படுவதால்தான் குமட்டல் வருகிறது. புத்தகம் படித்தாலும், படம் வரைந்தாலும் இதேதான் நடக்கும். ஏறத்தாழ 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். வளர வளரப் பலருக்கும் குறைந்துவிடும்.

ஆகவே உங்கள் மகனுக்கான பொழுதுபோக்கு காதுக்கும் வாய்க்கும் உரியதாக இருக்க வேண்டும்: கதை கேட்பது, பாடுவது, விடுகதை, தொலைவில் தெரியும் மலைகளையும் கோபுரங்களையும் தேடுவது. வெயிலுக்கென்று ஜன்னலில் மாட்டும் திரைத்துணியை அவன் பக்கத்தில் முழுவதுமாக மூடிவிடாதீர்கள், ஏனெனில் தொலைதூரக் காட்சிதான் அவனுக்கு மருந்து. ஏசி உள்காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றும் நிலையில் நெடுநேரம் ஓடினால் காருக்குள் காற்று கனத்துப்போகும். அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். புறப்படும் முன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், ஆனால் வெறும் வயிறும் வேண்டாம்; இரண்டு இட்லி போதும். ஏற்காடு போன்ற மலைப்பாதைகளுக்குச் செல்வதாக இருந்தால், முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தகைய மருந்துகளைக் குமட்டல் தொடங்கிய பிறகு கொடுப்பதைவிடப் புறப்படுவதற்கு முன் கொடுப்பதில்தான் பலன் அதிகம்.

கேள்வி: டேப்லெட் வாங்கிவிட்டோம். 3 வயது மகளுக்காகக் காரில் எங்கே, எப்படி வைப்பது? ஹெட்போன் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: குழந்தையின் மடியிலோ இருக்கையிலோ பிடிப்பின்றிக் கிடக்கும் டேப்லெட், திடீரென்று பிரேக் போடும்போது காரின் வேகத்திலேயே முன்னோக்கிப் பறக்கும், யார் தலையில் படும் என்று சொல்ல முடியாது. ஆகவே முன் இருக்கை ஹெட்ரெஸ்ட்டின் இரண்டு கம்பிகளையும் இறுகப் பற்றும் ஹோல்டரை வாங்குங்கள். பொருத்திய பிறகு இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். ஆடினால் அது வேண்டாம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாட்டுவதைவிட மற்ற முன் இருக்கைக்குப் பின்னால் மாட்டுவது நல்லது. படம் நின்றுபோனால் அங்கே அமர்ந்திருப்பவர் உதவலாம். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே எழக்கூடாது. வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், வேண்டியதை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சாப்பிட இறங்கும்போது டேப்லெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட இடத்தில் வைக்க வேண்டாம் என்று ஐபேட் போன்றவற்றின் குறிப்பேடு சொல்கிறது. வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் அந்த அளவை எளிதாகத் தாண்டும்.

2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பயண நாளுக்கென்று தனி விலக்கு எதுவும் அதில் இல்லை. ஹெட்போனை இந்த வயதில் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியை நாமே கூட்டிவைத்துவிடுவோம், எவ்வளவு கூட்டினோம் என்பது குழந்தையின் காதுக்கு மட்டுமே தெரியும். டேப்லெட்டின் சொந்த ஒலிபெருக்கியே போதும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 78. மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனைக்காகத் தேனியிலிருந்து மதுரைக்குக் காரில் அழைத்துச் செல்கிறேன். காது கொஞ்சம் மந்தம். பின் இருக்கையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் பின் இருக்கை என்றாலே பிள்ளைகளை மட்டும் நினைக்கிறோம். உங்கள் தந்தை பேச விரும்பாமல் இருக்கிறார் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். முன்னால் பேசுவது அவருக்குக் கேட்காமல் இருக்கலாம். சாலை இரைச்சலும் ஏசி விசிறியின் ஓசையும் பேச்சை விழுங்கிவிடும். பேசும்போது விசிறியைக் குறைத்து வையுங்கள். அவரை இடப்பக்கம் அமர்த்துங்கள். சாலையோரமாக இறங்க வசதி, நீங்கள் வலப்பக்கம் ஓட்டுவதால் அவர் முகமும் உங்களுக்குச் சற்றுத் தெரியும். உடன் இன்னொருவர் வந்தால், அவர் முன்னால் உட்காராமல் அப்பாவின் அருகிலேயே உட்காரட்டும்.

வானொலியைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான கார்களின் ஆடியோ அமைப்பில் 'ஃபேடர்' என்று ஒன்று இருக்கும். அதைப் பின்பக்கம் நகர்த்தினால், முன்னால் இரைச்சல் இல்லாமல் பின் ஒலிபெருக்கிகளில் மட்டும் போதிய சத்தம் வரும். 'பேஸ்' எனப்படும் கனத்த தாழ் ஒலியைக் குறைத்தால் பேச்சு இன்னும் தெளியும். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை என்பதால் சமவெளி நிலையங்கள் கொஞ்ச தூரத்தில் மங்கிவிடும். கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் வானொலிக்கு அந்த உயரமே பலம். உங்கள் வழிக்குப் பொருத்தமானது. பழைய பாடலோ வேளாண்மைப் பேச்சோ, எதைக் கேட்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

அதைவிட, ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடக்கும்போது, "அப்பா, அந்தக் காலத்தில் இந்த வழியாக மதுரைக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு இடையில் பேசாமல் காத்திருங்கள். உசிலம்பட்டி வரை அவரே பேசிக்கொண்டு வருவார் என்று நம்புகிறேன்.

கேள்வி: சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டி நின்றுகொண்டு வருவதுதான் என் பேரனுக்குப் பிடித்த விளையாட்டு. ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது அனுமதிக்கலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. நிற்கும் பிள்ளையை எந்த சீட் பெல்ட்டும் பிடிக்காது. மெதுவாகச் செல்லும் கார் திடீரென்று நின்றாலும் அவன் நெஞ்சு கூரையின் விளிம்பில் மோதும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் செல்வது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றமும்கூட. சன்ரூஃப் கண்ணாடியை மூடியபடியே, உட்கார்ந்த இடத்திலிருந்து மேகங்களையும் பாலங்களின் அடிப்புறத்தையும் அவன் பார்க்கலாம்.

கேள்வி: பயணத்தில் பிள்ளைகளுக்குக் கொறிக்க என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கொறிப்பதும் பொழுதுபோக்குதான், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒட்டாத, சிந்தாத பண்டம் எதுவும் சரி: பொரி, முறுக்கு, நறுக்கிய வெள்ளரி, உரித்த ஆரஞ்சுச் சுளை. ஓடும் காரில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு வேர்க்கடலையோ கடினமான மிட்டாயோ வேண்டாம். ஒரு குலுக்கலில் தொண்டையில் சிக்கினால், பெல்ட் அணிந்து முன்னால் இருக்கும் நீங்கள் எட்டி உதவ முடியாது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைப் பெரிய பிள்ளைகளுக்கு அந்த ஊரிலேயே வாங்கி, காரை நிறுத்தி, இறங்கி நின்று சாப்பிடக் கொடுங்கள். கால் நீட்டவும் ஆகும்.