மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி: டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். வெயிலோடு திரும்பும் சோலார் பேனல்களுக்கு இரண்டு கியர் மோட்டார் வாங்கினேன், 46,000 ராண்ட். நாலே மாதத்தில் ஒரு காற்று இரவில் பேனல் தானாகத் திரும்பிப் பல் உடைந்துவிட்டது. விற்றவர் எங்கள் கோயில்காரர், காவடிக்கு என் பக்கத்தில் நின்றவர். முதலில் போனையே எடுக்கவில்லை. இப்போது, 9,000 கூடக் கொடுத்தால் வேறு வகை மோட்டார் மாட்டித் தருகிறேன் என்கிறார். கேஸ் போடலாமா?

பதில்: காவடி, போன் எல்லாம் ஓரமாக இருக்கட்டும், எந்த மாஜிஸ்திரேட்டும் அதைக் கேட்கப் போவதில்லை. இதில் கேள்வி ஒன்றுதான்: அந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது யார்?

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 55(3)ஆம் பிரிவு. இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லி, விற்பவர் விஷயம் தெரிந்தவர் மாதிரி நடந்துகொண்டு கொடுத்தால், அந்த வேலைக்குப் பொருத்தமான பொருளை எதிர்பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் அனுப்பிய வாட்ஸாப்பில் முதல் நாள் "திறந்த வெளி, கடல் காற்று, எது தாங்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அருமை. ஆனால் மூன்றாம் நாள் ஒரு பிளானட்டரி கியர் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் வகை) மோட்டார் படத்தைப் போட்டு "இது விலை குறைவு, இதையே வரவழையுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே! அவருடைய வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் வாசிப்பார். பிரேக் இல்லாத பிளானட்டரியைக் காற்று பின்பக்கமாகச் சுற்றிவிடும். வார்ம் கியர், அதாவது திருகு மாதிரி ஒரு தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் வகை என்றால் பொதுவாக அப்படியே பூட்டி நிற்கும். காற்று வேகம் இரண்டு மடங்கானால் பேனல் மீது விசை நாலு மடங்கு. ஆக மோட்டாரில் பழுதில்லை, அது இந்த வேலைக்கான மோட்டாரே இல்லை என்று அவர் சொல்வார், பாதி உண்மையும் கூட.

அப்புறம் நான் பயப்படுகிற விஷயம். உங்கள் மச்சான் ஒரு கியர்பாக்ஸைத் திறந்து பார்த்ததாக, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விற்றவர் கையை விட்டுப் போனபின் பொருளில் மாற்றம் செய்திருந்தால், பொருள் தரமாக இருக்கும் என்று அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு தரும் உத்தரவாதம் அந்த அளவுக்குப் போய்விடும். வெருலத்தில் ஒருவர் இப்படித்தான் உடைந்த பல்லைப் பொறுக்கி எறிந்து, புது கிரீஸ் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்தார். நிபுணரால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, மோட்டார் விலையைவிட வக்கீல் பீஸாக எங்களுக்குக் கொடுத்தது அதிகம். உங்கள் இரண்டாவது கியர்பாக்ஸை யாரும் தொடக் கூடாது. உடைந்த துண்டுகளைப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

பில் கம்பெனி பெயரிலா இருக்கிறது? வருட விற்பனையோ சொத்தோ 20 லட்சம் ராண்டை எட்டிய கம்பெனி என்றால் இந்தச் சட்டமே உங்களுக்குக் கிடையாது. சிறு வழக்கு மன்றமும் தனியாளுக்குத்தான், அதுவும் 20,000 ராண்ட் வரை.

பேசாமல் 9,000 கொடுத்து முடியுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள். ஆனால் வார்ம் கியர், மாட்டுவது அவர் செலவு, புது மோட்டாருக்கும் ஆறு மாத உத்தரவாதம், இந்த மூன்றும் எழுத்தில் வரவேண்டும். வாங்கி நாலு மாதம் ஓடிவிட்டது, 56ஆம் பிரிவில் திருப்பிக் கொடுக்க மொத்தமே ஆறு மாதம்தான். இந்த வாரமே அவருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள், இனி வாட்ஸாப் வேண்டாம்.