5 நாளா, 28 நாளா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. மலக்குடலில், ஆசனவாயிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் புற்றுக்கட்டி இருப்பதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது, வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் கதிர்வீச்சு தேவை என்று இரு மருத்துவர்களும் கூறுகின்றனர். ஆனால் ஒருவர் 5 நாள் போதும் என்கிறார். மற்றவர் மாத்திரையுடன் 28 நாள் என்கிறார். 5 நாள் என்பது அரைகுறை வைத்தியமாகிவிடாதா? கூடுதல் செலவு செய்து ஐ.எம்.ஆர்.டி. முறையில் கொடுப்பது அவசியமா?

பதில்: அரைகுறை வைத்தியம் என்ற அச்சத்தை முதலில் விலக்கிவிடுங்கள். 5 நாள் முறையில் தினமும் 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 25 கிரே தருகிறார்கள். 28 நாள் முறையில் தினமும் 1.8 கிரே வீதம் 50.4 கிரே தந்து, கூடவே கேப்சிடபின் என்ற கீமோதெரபி மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஒரே நாளில் செலுத்தும் அளவு பெரிதாகும்போது ஒவ்வொரு கிரேயின் தாக்கமும் கூடுவதால், மொத்த அளவை மட்டும் வைத்து ஒன்றை மற்றொன்றில் பாதி என்று கணக்கிடக் கூடாது.

5 நாள் முறைக்கு வலுவான சான்றுகள் உண்டு. சுவீடனில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 27 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. 5 நாள் கதிர்வீச்சு பெற்ற பின் அறுவை செய்துகொண்டவர்களில் அது 11 சதவீதமே. இரு முறைகளையும் நேரடியாக ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில் (2012), 3 ஆண்டுகளில் நோய் அதே இடத்தில் திரும்பிய விகிதம் 5 நாள் முறையில் 7.5 சதவீதமாகவும் நீண்ட முறையில் 4.4 சதவீதமாகவும் இருந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்பதே புள்ளியியல் முடிவு.

ஆனால் உங்கள் தந்தையைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஆய்வில், 5 செ.மீ.க்குக் கீழே கட்டி இருந்தவர்களில், 5 நாள் முறையில் 48 பேரில் 6 பேருக்கும் நீண்ட முறையில் 31 பேரில் ஒருவருக்கும் நோய் அங்கேயே திரும்பியது. இந்தச் சிறிய எண்ணிக்கையைக் கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது. ஆயினும் கட்டி இவ்வளவு கீழே இருந்து, மலக்குடலைச் சூழ்ந்த உறையை அது நெருங்கியிருப்பதாகவும் எம்.ஆர்.ஐ. அறிக்கை சொன்னால், நான் நீண்ட முறையின் பக்கமே சாய்வேன். உறையிலிருந்து கட்டி எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5 நாள் கதிர்வீச்சைத் தொடர்ந்து சில மாதங்கள் கீமோதெரபி தந்து, அதன்பின் அறுவை செய்யும் வழியும் உண்டு. ராபிடோ என்ற ஐரோப்பிய ஆய்வில் இவ்வழியில் சென்றவர்களில் 28 சதவீதத்தினருக்குக் கட்டி முற்றிலும் மறைந்திருந்தது; மாத்திரையுடன் நீண்ட கதிர்வீச்சு தந்து அறுவை செய்யும் வழக்கமான முறையில் அது 14 சதவீதம். இருந்தும் 5 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, அறுவை முடிந்தவர்களில் அதே இடத்தில் நோய் திரும்பியது முறையே 10, 6 சதவீதம் என்று மாறித் தெரிந்தது. கட்டி மறைந்ததை மட்டுமே வெற்றியாக எண்ணிவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐ.எம்.ஆர்.டி. என்பது நாள் கணக்கைச் சார்ந்ததன்று. கதிர்களின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து, கட்டியின் வடிவத்திற்கேற்பச் செலுத்தும் உத்தி அது. சிறுகுடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் அளவு குறைவதால் வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகள் குறைய வாய்ப்புண்டு. ஆனால் நோய் திரும்பாமல் தடுப்பதில் அது பழைய முப்பரிமாணக் (3டி) கதிர்வீச்சு முறையை விஞ்சும் என்று நிறுவப்படவில்லை. சிறுகுடல் இடுப்புக்குழிக்குள் அதிகம் இறங்கியிருந்தாலோ, இடுப்பின் பக்கவாட்டு நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துக் குறிவைக்க வேண்டியிருந்தாலோ அந்தச் செலவு தகும். மற்றபடி, கடன் வாங்கித்தான் அதைச் செய்ய வேண்டுமென்றால் முப்பரிமாண முறையிலேயே தயங்காமல் தொடங்கலாம். எந்த முறையானாலும், மருத்துவமனையில் சொன்னபடி ஒவ்வொரு நாளும் ஒரே அளவு தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் படுத்தால், குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரின் பாதையிலிருந்து பெரும்பாலும் விலகும்.