பிரபஞ்சம் பற்றிப் படிக்க முதலில் எந்தப் புத்தகம்?

கேள்வி: கோபியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று படித்துத் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசைங்க. ஹாக்கிங்கின் ‘எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்’ வாங்கி, நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். ஆங்கிலம் மெதுவாகப் படிப்பேன், கணக்குதான் வராது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது எதை வாங்கட்டுமுங்க?

பதில்: நான்காம் அத்தியாயத்தில் ஹாக்கிங், அணுவையும் அதனினும் சிறிய துகள்களையும் பற்றிய குவாண்டம் இயற்பியலுக்குள் நுழைந்துவிடுகிறார். அங்கே நின்றதற்காக மனம் தளராதீர்கள். நீங்கள் தேடுவது மூன்றாவதில், விரியும் பிரபஞ்சம் பற்றிய பகுதியில் இருக்கிறது. அதை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் சைமன் சிங் எழுதிய ‘பிக் பேங்’ (பெருவெடிப்பு, 2004) வாங்குங்கள். பிரபஞ்சம் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகாமல், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படிப்படியாகச் சொல்லும் புத்தகம். சில நட்சத்திரங்கள் மங்கிப் பிரகாசிக்க எடுக்கும் காலத்தை வைத்து அவற்றின் உண்மையான ஒளியை அறியலாம் என்று ஹென்ரியட்டா லீவிட் காட்டினார். அந்த ஒளி நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்து வானியலாளர் ஹபிள் தூரங்களை அளந்தார்; தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்கள் இன்னும் வேகமாக விலகுகின்றன என்று 1929இல் அறிவித்தார். 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் ரேடியோ ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல் கேட்டு, புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. ஆதிப் பிரபஞ்சத்தின் மிச்ச வெப்பம் அது! இப்படி வரிசையாக வந்தால் கணக்கு தெரியாதவருக்கும் பிடிபடும்.

வேறு புத்தகம் கண்ணில் பட்டால் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது 1998இல்தான் தெரிந்தது. அந்த வேகத்தைக் கூட்டுவதாகக் கருதப்படும் ‘இருண்ட ஆற்றல்’ பற்றி அதற்கு முன் எழுதியவற்றில் இருக்காது. வைன்பெர்க்கின் 1977 புத்தகமான ‘தி ஃபர்ஸ்ட் த்ரீ மினிட்ஸ்’ அப்படிப்பட்டது. அருமையான நூல்தான், ஆனால் இரண்டாவதாகப் படியுங்கள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இருந்தால் புதிய கணக்கு. பெருவெடிப்பு ஏதோ ஓர் இடத்தில் குண்டு வெடித்ததுபோல் நடந்தது என்று எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அது எங்கும் நடந்தது என்று சொல்வதே சரியான புத்தகம்.

தமிழில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. தலைப்பில் ‘பிரபஞ்சம்’ இருந்தாலும், உள்ளே நினைத்ததை அடையும் வழி சொல்பவை நிறைய. பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் திருட்டுப் பதிப்பு வேண்டாம். படங்கள் கருப்பாக அப்பியிருக்கும், இந்தப் பாடத்துக்குப் படம் முக்கியம். கோவைப் பக்கம் வந்தால் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அசல் பிரதி தேடலாம். திருவிழாவில் வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடி போக பணம் மிஞ்சினால், நீங்கள் பாதியில் நிறுத்திய புத்தகத்தையே ஹாக்கிங்கும் ம்லோடினோவும் 2005இல் சுருக்கி எளிமையாக்கிய பதிப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள்.