அறுந்த லான் கேபிள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: முன்வீட்டு றூட்டரில் இருந்து பின்வளவு அறைக்கு 40 மீற்றர் அளவில் கேபிள் வேலியோரமாகப் போகிறது. வாழைக்குப் பாத்தி கட்டும்போது மண்வெட்டி பட்டு அறுந்துவிட்டது. நிறம் பார்த்து முறுக்கி டேப் சுற்றினோம். முன்பு 1000 காட்டிய வேகம் இப்போது 100. மழை பெய்தால் அதுவும் இல்லை. முழுக் கேபிளையும் மாற்ற வேண்டுமா?
- வாசகர், கொக்குவில்

பதில்: மாற்றத் தேவையில்லை, கம்பிகளை இணைத்த மூட்டை மட்டும் திரும்பச் செய்யுங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகளாக இருக்கும். 100 மெகாபிட்டுக்குச் செம்மஞ்சள், பச்சைச் சோடிகள் இரண்டும் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கு சோடிகளும் வேண்டும். ஆகவே நீலச் சோடியிலோ கபிலச் சோடியிலோ ஒரு கம்பி சரியாகத் தொடவில்லை என்று பெரும்பாலும் சொல்லலாம். மழைக்கு நின்றுபோவது டேப்பின் குற்றம். அது தண்ணீரைத் தடுக்காது, உள்ளே போன ஈரத்தைக் காயவும் விடாது.

டேப்பைக் கழற்றி, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு போங்கள். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் தண்ணீர் உறைக்குள்ளே ஊறிவிட்டது. அந்தத் துண்டு உதவாது. நீளம் எட்டாமல் போனால் இழுத்துக் கட்ட வேண்டாம், நடுவில் புதுத் துண்டு வைத்து இரண்டு மூட்டாகப் போடுங்கள்.

வெளியிடத்துக்கு நாங்கள் சொல்வது, தொலைபேசி வேலைக்காரர் பாவிக்கும் ஜெல் நிரப்பிய சிறிய கனெக்டர். ஒரு மூட்டுக்கு 8 வேண்டும். கம்பியின் பிளாஸ்ரிக்கை உரிக்கக் கூடாது. ஒரே நிறக் கம்பிகள் இரண்டையும் அடிவரை செருகி, மூடியைக் குறட்டால் நேராக அமத்தினால் உள்ளே உள்ள தகடு உறையை வெட்டிச் செம்பைப் பிடிக்கும்; ஜெல் சுற்றி நிறையும். எட்டையும் ஒரே இடத்தில் போட்டால் முண்டு பெரிதாகும், முறுக்கும் நிறைய அவிழும். ஆகவே சோடிக்குச் சோடி 3 சென்ரிமீற்றர் தள்ளிப் போடுங்கள். கனெக்டருக்கு அருகே அவிழும் நீளம் 13 மில்லிமீற்றருக்குள் இருப்பது நல்லது. சோடியின் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிப் போவதால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து கழிபடுகிறது. ஒரு சாண் நீளத்துக்கு அவிழ்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு அவ்விடத்தில் போய்விடும்.

வெள்ளைக் கம்பிகளில் கவனம் வேண்டும். மலிவான கேபிளில் சோடியைக் காட்டும் நிறக் கோடு மங்கலாக இருக்கும், உறையை வெட்டியதும் சோடி கலையும். கலைய முன்பே ஒவ்வொரு சோடியையும் நுனியில் முறுக்கி வையுங்கள்.

மூட்டை நிலத்தில் புதைக்காதீர்கள். பி.வி.சி பெட்டியில் வைத்து மதிலிலோ கட்டையிலோ ஏற்றி, கேபிள் கீழ்ப்பக்கத்தால் நுழையும்படி விடுங்கள். நுழையுமுன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்கினால் மழைநீர் அதிலேயே சொட்டிவிடும். வீட்டுக்குள் என்றால் இத்தனை பாடு வேண்டாம்: இரண்டு நுனியிலும் ஆர்.ஜே. 45 பிளக் அடித்து, நடுவில் இரண்டு பிளக்கையும் இணைக்கும் கப்ளர் ஒன்று போதும்.

கேள்வி: புதுப் பிளக் அடித்தோம். டெஸ்டரில் 8 விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனாலும் இணையம் விட்டு விட்டு வருகிறது. 5 மீற்றர்க் கேபிளில் இந்தப் பிரச்சினை இல்லை.
- வாசகி, சுன்னாகம்

பதில்: நிற வரிசையைப் பாருங்கள். வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, பச்சை என்று சோடி சோடியாக அடுக்கியிருக்கிறீர்களா? பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் பிழை. 3ஆம், 6ஆம் முனைகள் ஒரே சோடியாக இருக்க வேண்டும். சரியான வரிசை: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைக்கபிலம், கபிலம். மலிவு டெஸ்டருக்கு ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு மின் போகிறதா என்பதுதான் தெரியும். எந்தக் கம்பி எதனுடன் முறுக்கப்பட்டது என்பது தெரியாது. குறுகிய கேபிள் இந்தப் பிழையைத் தாங்கிவிடும், நீளம் கூடினால் தாங்காது.

பிளக்கையும் பார்த்து வாங்குங்கள். சுவருக்குள் ஓடும் கேபிளில் இருப்பது ஒற்றைக் கம்பி. பல நூலிழைக் கம்பிக்கான பிளக்கை அதில் அடித்தால், பல் பக்கமாக நழுவிச் சில மாதத்தில் தொடர்பு தளரும்.

கேள்வி: கடற்கரையோர வீடு. லான் கேபிளிலேயே மின்சாரமும் போகும் கமரா பகலில் வேலை செய்கிறது, இரவானதும் நின்று நின்று வருகிறது. நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது.
- வாசகர், பருத்தித்துறை

பதில்: இரவில் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் மின்னோட்டம் கூடும். மூட்டில் தடை இருந்தால் அங்கே அழுத்தம் விழுந்து, கமராவுக்குப் போதுமானது கிடைக்காமல் அது திரும்பத் தொடங்கும். லான் கேபிளில் மின்சாரம் அனுப்பும் 802.3ஏஎஃப் என்ற முறையில் அனுப்பும் பக்கம் குறைந்தது 44 வோல்ற் இருக்க வேண்டும், கமராவை அடையும்போது 37க்குக் கீழே போகக் கூடாது.

உப்புக் காற்றில் மூட்டுத்தான் முதலில் பழுதாகும். அதைத் திருத்த முன் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஈரமும் உப்பும் பட்டால் விரைவில் அரித்துவிடும். அப்படியானால் மூட்டைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். முழுச் செம்பில், வெயில் தாங்கும் கறுப்பு வெளியுறையுள்ள கேபிளை மூட்டில்லாமல் ஒரே ஓட்டமாக இழுங்கள். செம்பு என்றால், கறுத்த பகுதியை வெட்டி, முதல் பதிலில் சொன்னபடி ஜெல் கனெக்டர் போடலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: அணில் எங்கே கடித்தது என்று தெரியவில்லை. 60 மீற்றரையும் தடவிப் பார்க்க வேண்டுமா?
- வாசகர், நல்லூர்

பதில்: சில சுவிட்ச்களிலும் றூட்டர்களிலும் கேபிள் சோதனை என்று ஒரு வசதி உண்டு. அறுந்த சோடி எத்தனை மீற்றரில் என்று கிட்டத்தட்டச் சொல்லும். பெரும்பாலான கேபிள்களின் உறையில் நீள எண் அச்சிட்டிருக்கும். றூட்டர்ப் பக்க எண் 112, சோதனை 27 மீற்றர் என்றால், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து 139ஐயோ 85ஐயோ தேடுங்கள். முன்னும் பின்னும் 2 மீற்றர் பார்த்தால் போதும்.

கேள்வி: கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டலாமா?
- வாசகர், மானிப்பாய்

பதில்: மின்தொடர்பு நன்றாகவே இருக்கும். ஆனால் சூட்டில் மெல்லிய உறை உருகிப் பக்கத்துக் கம்பியைத் தொடும், முறுக்கும் நிறைய அவிழும். மேசையில் செய்யலாம், ஏணியில் நின்று செய்ய வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வளவிலுள்ள தம்பி வீட்டுக்கும் இதே கேபிளை இழுக்கலாமா? அவர்களுக்குத் தனி மின்மீற்றர்.
- வாசகி, கோப்பாய்

பதில்: ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலை நினைத்துப் பாருங்கள். இரண்டு வீட்டின் நிலத்தொடர்பும் வேறு வேறு. அருகில் மின்னல் விழுந்தால் செம்புக் கேபிள் வழியே இரு பக்கக் கருவிகளும் பழுதாகிப் போகலாம். அங்கே ஒளியால் தகவல் அனுப்பும், உலோகமில்லாத ஃபைபர் கேபிள் போட்டு, இரு முனையிலும் ஒளியையும் மின்சமிக்ஞையையும் மாற்றித் தரும் மீடியா கன்வேர்ட்டர் ஒவ்வொன்று வையுங்கள். தூரம் 100 மீற்றரைத் தாண்டினாலும் அது வேலை செய்யும். செம்புக் கேபிளுக்கு 100தான் எல்லை.