பாசி மண்டிய ஏரியில் மெல்லிய நரம்போடு ரப்பர் புழு போட எந்தத் தூண்டில் முள் வாங்குவது?

கேள்வி சுருக்கமாக: ஒன்டாரியோவின் காவார்த்தா ஏரிகளில், கரையோரப் பாசிக்குள் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்க வேண்டும். மீடியம் லைட் ஸ்பின்னிங் ராட், 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, 4 முதல் 6 அங்குல ரப்பர் புழு. கடையில் ஒரு சுவர் நிறைய முள் தொங்குகிறது. எதை எடுப்பது?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்லிய நேர்வால் புழுவுக்கு, சன்னக் கம்பியில் செய்த 1/0 ஆஃப்செட் வார்ம் முள் (நரம்பு கட்டும் காதுக்கு அருகே தண்டு மடிந்திருக்கும்), வட்ட வளைவு உள்ளது. சென்கோ போன்ற தடித்த குச்சிப் புழுவுக்கு எக்ஸ்ட்ரா வைட் கேப் (வாய் அகன்ற) வகை: 4 அங்குலப் புழுவென்றால் 2/0, 5 அங்குலமென்றால் 3/0. புழுவை நடுவில் குத்தித் தொங்கவிடும் வாக்கி முறைக்கு, முனையைப் பாசியிலிருந்து மறைக்கும் காவல் கம்பி வைத்த 1 அல்லது 1/0. இந்த மூன்று பாக்கெட் போதும், மற்றதைச் சுவரிலேயே விட்டுவிடலாம்.

இனி காரணம். பாசியில் மாட்டாமல் இருக்க முனையை மறைக்கிறோம். மறைக்கும் ஒவ்வொன்றும், அது புழுவின் சதையோ காவல் கம்பியோ, மீன் கடிக்கும்போது நீங்கள் இழுக்கும் விசையில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். கனத்த ராட், 50 பவுண்டு பின்னல் நரம்பு வைத்திருப்பவருக்கு அந்த நஷ்டம் உறைக்காது. மீடியம் லைட் ராட்டிடம் கொடுக்கவே கொஞ்சம் விசைதான் இருக்கிறது. அதனால் மீனின் அளவைப் பார்த்து முள் வாங்காதீர்கள். உங்கள் ராட் எவ்வளவு தடிமனான கம்பியை எதிர்முள் (முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிய சிறு முள்) வரை மீனின் வாயில் இறக்கும் என்று பாருங்கள்.

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். "பாசிக்குள் போடுகிறோம், பெரிய மீன் வரும், பலமான முள் இருக்கட்டும்" என்று ஃப்ளிப்பிங் அல்லது சூப்பர்லைன் என்று அச்சிட்ட பாக்கெட்டை எடுத்துவிடுவார்கள். அதன் கம்பி தடிமன் கனத்த ராட்டுக்கானது. 8 பவுண்டு நரம்பில் இழுத்தால் முனை மட்டும் உதட்டில் ஏறும், எதிர்முள் வெளியிலேயே நிற்கும். மீன் ஒரு துள்ளு துள்ளித் தலையை உதறினால் கழன்று போகும். இதன் மறுபக்கமும் உண்டு: சன்னக் கம்பி முள்ளைக் கனத்த ராட்டில் கட்டி ஓங்கி இழுத்தால் வளைவு விரிந்துவிடும். ஃபினெஸ் ராட்டில், அதாவது மெல்லிய நரம்பு போடும் இப்படி லேசான ராட்டில், டிராகை (நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) சரியாக வைத்தால் அந்தப் பயம் வேண்டாம். 8 பவுண்டு நரம்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இழுப்பில் ரீல் நரம்பை விட வேண்டும். சின்னத் தராசு ஒன்றைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். விரலால் தோராயமாகப் பார்ப்பது பெரும்பாலும் பொய் சொல்லும்.

எண்களில் குழம்ப வேண்டாம். வெறும் எண்ணில் எண் ஏற ஏற முள் சிறியது, அதாவது 4ஐ விட 2 பெரிது, 2ஐ விட 1 பெரிது. அதற்கு மேல் 1/0, 2/0, 3/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி ஒரே அளவு கிடையாது. ஒருவரின் 2/0 இன்னொருவரின் 3/0 பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே கடைக்குப் போகும்போது புழுவையும் கொண்டுபோய், முள்மேல் வைத்தே பாருங்கள்.

பார்க்க வேண்டியது முள்ளின் வாய், அதாவது முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி. புழுவின் தடிமனைவிட நன்றாகவே அதிகமாக இருக்க வேண்டும். மீன் கவ்வும்போது புழுவின் சதை நசுங்கி வளைவுக்குள் குவிகிறது. வாய் குறுகலாக இருந்தால் அந்தச் சதையே அடைத்துக்கொள்ளும், முனைக்கு வெளியே வர இடமிருக்காது. வீட்டிலேயே சோதிக்கலாம். புழுவை முள்ளில் மாட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முனைக்கு நேராக மெல்லப் பிதுக்குங்கள். முனை 4, 5 மி.மீ. வெளியே வந்தால் சரி. சதை பிதுங்கி முனையோடு சேர்ந்தே நகர்ந்தால் ஒரு அளவு மேலே போங்கள். (விரலை முனைக்கு எதிரே வைக்காதீர்கள், சொல்ல வேண்டியதில்லை.) அதற்காக அளவுக்கு மீறிப் பெரிய முள்ளும் வேண்டாம். முள்ளின் வளைவு புழுவின் நீளத்தில் பாதிக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் வால் மட்டும்தான் ஆடும், உடல் விறைத்து நிற்கும். ஃபினெஸ் முறையின் உயிரே அந்த உடல் ஆட்டத்தில்தான்.

வட்ட வளைவா, வைட் கேப்பா என்ற சண்டைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வைட் கேப்பில் வளைவு கீழே இறங்கி மேலே வருவதால், முனை முள்ளின் காதுக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கும். தடித்த புழுவுக்கு இடம் கிடைக்கிறது, பாசியிலும் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆனால் இழுக்கும்போது முனை வெளியே திரும்பிக் கடிக்கும் கோணம் குறைவு. வட்ட வளைவில் முனை காதைவிட வெளியே தள்ளி நிற்பதால் சீக்கிரம் பிடிக்கும். அதனால் 6 மி.மீ. தடிமன் புழுவுக்கு வைட் கேப் போடுவது வீண். குச்சிப் புழுவுக்கு மட்டும் அதை வையுங்கள். நேர்த்தண்டு முள் என்று ஒன்று உண்டு, தண்டில் சிறு முட்களோ நெகிழிக் காம்போ இருக்கும், புழு வழுக்காது. டிராப் ஷாட் முறையில் (ஈயம் நரம்பின் அடியில், முள் அதற்கு மேலே) பாசி ஓரமாகப் போடுவதற்கு 1 அல்லது 1/0 அளவில் அருமையாக வேலை செய்யும். அப்போது அடியில் உருண்டை ஈயத்துக்குப் பதில் நீள உருளை வடிவம் கட்டுங்கள், செடிக்குள் சிக்காமல் நழுவும்.

மாட்டும் முறை சரியில்லையென்றால் எந்த முள்ளும் காப்பாற்றாது. புழுவின் தலையில் நேராக 5, 6 மி.மீ. உள்ளே குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளை இழுத்துக் காது தலைக்குள் மறையும்வரை கொண்டுவந்து, முனை புழுவைப் பார்க்கும்படி அரைச்சுற்றுத் திருப்புங்கள். இப்போது முள்ளைப் புழுவோடு ஒட்டித் தொங்கவிட்டு, வளைவின் அடி எங்கே படுகிறதோ அந்த இடத்தை நகத்தால் குறியுங்கள். புழுவைச் சற்று வளைத்து அந்தக் குறியில் நேராக ஊடுருவக் குத்துங்கள். விட்டதும் புழு கோடு போட்டதுபோல் நேராக நிற்க வேண்டும். குறிக்குக் கீழே குத்தினால் புழு தொய்ந்து விலகும், மேலே குத்தினால் கூன் விழும். கூன் விழுந்த புழு தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். கடைசியாக, வெளியே வந்த முனையைப் பின்னுக்கு இழுத்து, புழுவின் மேல்தோலில் ஒரு மி.மீ. மட்டும் செருகுங்கள். முனையை முழு உடலுக்குள்ளும் புதைத்து வைக்கும் பழைய முறை கனத்த ராட்டுக்கு. மெல்லிய நரம்பில் தோல் மட்டுமே தடையாக இருக்கட்டும்.

புழு கீழே வழுக்கிக்கொண்டே இருந்தால், 30 பவுண்டுக்கு மேற்பட்ட தடித்த மோனோ நரம்பில் ஒரு துண்டைத் தலை வழியாகவும் காது வழியாகவும் குறுக்கே செருகி, இரு பக்கமும் ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு துளி சூப்பர் குளூவும் நடக்கும், ஆனால் புழு மாற்றும்போது எரிச்சல்.

வாக்கி முள்ளில் பிரச்சினை காவல் கம்பியே. பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் விரலால் அழுத்துங்கள். லேசான அழுத்தத்தில் படிய வேண்டும். விறைப்பாக இருந்தால் மீன் கவ்வினாலும் முனை திறக்காது. இரட்டை நரம்பு காவலென்றால் இரண்டையும் V போல விரித்து, முனையைத் தாண்டி 2 மி.மீ. மட்டும் இருக்கும்படி வெட்டுங்கள். புழுவின் நடுவில் ஓ-ரிங் ஏற்றி அதற்கடியில் முள்ளைச் செருகினால் ஒரு புழு பல மீன் தாங்கும். நெக்கோ முறையில் தலைக்குள் 1/32 அல்லது 1/16 அவுன்ஸ் ஆணி எடை வைக்கும்போது, முனை எடை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும்.

புல்லட் ஈயம் 1/16 முதல் 3/16 அவுன்ஸ், அதாவது 2 முதல் 5 கிராம் போதும். அடர்ந்த பாசியில் அதை ரப்பர் ஸ்டாப்பரால் புழுவின் தலையோடு ஒட்டிப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஈயம் ஒரு பக்கம் இறங்கும், புழு செடிமேல் தங்கிவிடும். டங்ஸ்டன் விலை அதிகம், ஆனால் அதே எடையில் உருவம் சின்னது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளுக்குத் தடை இருப்பதால், அங்கே போகிறவர்கள் இந்த ஈயத்தைக் கட்ட முடியாது.

ஒவ்வொரு முறை புழு வெளியே வரும்போதும் பாசி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். முனையில் இழை சுற்றியிருந்தால் முனை தோலைவிட்டு வெளியே வந்திருக்கிறது. முடிச்சிலும் தலையிலும் கொத்தாக இருந்தால் முள்மேல் பழி போடாதீர்கள். காது வெளியே துருத்துகிறது அல்லது முடிச்சின் வால் நீளம். மீன் இழுத்துவிட்டுப் போனபின் புழுவில் பல்தடம் வால் பக்கம் மட்டும் இருந்தால் அது முள் இருக்கும் இடம்வரை கவ்வவே இல்லை, புழுவைச் சிறிதாக்குங்கள். பல்தடம் நடுவில் இருந்தும் முனை இன்னும் தோலுக்குள்ளேயே இருக்கிறதா? வாய் குறுகல், அல்லது கம்பி தடிமன், அல்லது நரம்புத் தளர்வோடு இழுத்தீர்கள். ராட்டை மேலே வெட்டி இழுக்கக் கூடாது. தளர்வை ரீலில் சுற்றி எடுத்து, பக்கவாட்டில் நீளமாக இழுத்துக்கொண்டே சுற்றுங்கள். ஃப்ளூரோவும் கொஞ்சம் நீளும் என்பதால், 10, 15 பவுண்டு பின்னல் நரம்பில் 8 பவுண்டு ஃப்ளூரோ லீடர் (முள் பக்கத்து முனைத் துண்டு) கட்டினால் அதே ராட்டில் முள் நன்றாக இறங்கும்.

கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் தூக்கிப் போடுங்கள். சன்னக் கம்பி முள்ளை அரத்தில் தீட்டிப் பிழைக்க வைப்பது லாபமில்லை.

காவார்த்தாவில் அதிகம் மில்ஃபாயில் என்ற இறகு போன்ற இலையுள்ள நீர்ச்செடிதான். அதன் ஓரத்திலும் நடுவில் விட்ட ஓட்டைகளிலும் மேலே சொன்னது பொருந்தும். அல்லி இலை கூரைபோல் மூடிய இடத்துக்கு இந்த நரம்பும் முள்ளும் வேண்டாம். மீன் தண்டைச் சுற்றிவிட்டால் 8 பவுண்டு இழை அறுந்து, முள்ளோடு மீன் போய்விடும். அங்கே கனத்த ராட்டை எடுங்கள்.